கை தூக்கினால் நிற்கும் பேண்டு

எழில்மொழியிடம் இரண்டு உடுப்பு உண்டு. பள்ளி நாளில் கஞ்சி போட்ட காட்டன் சேலை. அப்போது அவள் தஞ்சாவூருக்குத் தெற்கே ஒரு பெண்கள் பள்ளியின் பேண்டு டீச்சர். முகூர்த்த நாளில் ஜரிகை வைத்த சிவப்புக் கோட்டு. அப்போது சேக் தாவூது பேண்டு செட்டின் முதல் டிரம்பெட். "காலம் பூரா நான் அடுப்பு ஊதினேன், ஒரு பய சம்பளம் குடுக்கல. இவ பித்தளையை ஊதி ரெண்டு எடத்துல வாங்குறா" என்று அம்மா ரெங்கம்மாள் ஊரெல்லாம் பெருமையடிப்பாள். நடவு ஆட்களை மேய்த்த குரல் அது. ரகசியம் பேசினாலும் நாலு வயல் தாண்டும்.

ஆறாம் வகுப்பில் பிடித்த பைத்தியம். பள்ளியில் ஒரு பழைய பியூகிள் கிடந்தது. பெரிய பையன்கள் கண் பிதுங்க ஊதியும் வெறும் காற்றுதான் வந்தது. எழில்மொழி உதட்டை வைத்தாள். பக்கத்து வயலில் நின்ற கொக்கெல்லாம் எழும்பிப் போயின. கல்லூரியில் படிக்கும்போது, ஒரு கல்யாணத்துக்கு டிரம்பெட் ஆள் வரவில்லை என்று சேக் தாவூது கூப்பிட்டார். ஒரு நாளைக்கு என்று போனவள் பன்னிரண்டு வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறாள்.

ஊர்வலத்துக்கென்று சில சட்டங்கள் உண்டு. எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆனால் மீறினால் தெருவிலேயே சண்டை. சொந்தக்காரர் யாராவது இரண்டு கையையும் தூக்கினால் பேண்டு நிற்க வேண்டும். சும்மா நிற்கக் கூடாது. அவரைச் சுற்றி வட்டம் போட்டு வாசிக்க வேண்டும். டிரம்பெட் மூன்று முறை உச்சத்துக்கு ஏற்றி ஊதினால்தான் நகரலாம். அதற்குள் நகர்ந்தால் தாய்மாமன் கோபித்துக்கொண்டு பந்தியில் உட்காராமல் போய்விடுவார்.

இந்தச் சட்டத்தை அவள் பள்ளிக்கும் கொண்டுபோனாள். ஐப்பசி மழையில் மூழ்கிய பள்ளி மைதானம் தை பிறந்தும் காயவில்லை. குடியரசு தின அணிவகுப்புக்கான பயிற்சியெல்லாம் ரோட்டில்தான். எதிரே அறுவடை மெஷின் வரும், நெல் ஏற்றிய டிராக்டர் வரும், மாடு வரும். "யாராச்சும் ரெண்டு கையையும் தூக்கினா டக்குனு நில்லுங்க. நின்னாலும் வாசிப்பை விடாதீங்க, அவங்களைச் சுத்தி நின்னு வாசிங்க. நான் மூணு தடவை ஏத்தி ஊதினதும் கெளம்புங்க" என்றாள். டிராக்டர்காரர்கள் இதில் ருசி கண்டுவிட்டார்கள். வேண்டுமென்றே கை தூக்கிவிட்டு, ஒரு பாட்டு கேட்டுவிட்டுத்தான் போனார்கள். முப்பத்திரண்டு பிள்ளைகளும் சொன்ன சொல் தட்டாதவர்கள். வினையே அதுதான்.

இடையில் இன்னொரு வினை. பள்ளித் தாளாளர் இராஜாங்கம் அவளைச் சிவப்புக் கோட்டில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் பார்த்துவிட்டார். கெட்ட மனுஷர் இல்லை. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்பதிலேயே முடி நரைத்தவர்.

"டீச்சரம்மா, பாடம் சொல்லிக் குடுக்குறவங்க நடுத்தெருவுல ஊதிக்கிட்டுப் போறது நல்லா இல்லீங்க. பள்ளிக்கூடமா, பேண்டு செட்டா? குடியரசு தினம் முடிஞ்சதும் சொல்லிருங்க."

எழில்மொழியால் பிள்ளைகளை விட முடியாது. தெருவையும் விட முடியாது. எதிரே நாலு பேர் ஆட ஆட ஊதுகிற சந்தோஷம் வேறு எதிலும் அவளுக்குக் கிடைத்ததில்லை.

குடியரசு தினத்தன்று பதினோரு மணிக்குத் திருவையாற்றில் ஒரு காதுகுத்து. தாய்மாமன் சீர் ஊர்வலத்துக்கு வருவதாக சேக் தாவூதிடம் முன்னமே வாக்குக் கொடுத்திருந்தாள். டிரம்பெட்டையும் கோட்டையும் பெரிய மஞ்சள் பையில் திணித்துக்கொண்டு தஞ்சாவூர் மைதானத்தின் ஓரத்தில் நின்றாள். பக்கத்தில் இராஜாங்கம்.

"பையில என்னங்க?"

"மத்தியானச் சாப்பாடு சார்."

பிள்ளைகள் வந்தார்கள். முன்னால் கோலைச் சுழற்றிக்கொண்டு சந்திரலேகா. மேடையில் நின்ற அதிகாரியம்மா முறையாக சல்யூட் வைத்தார். வைத்தவர், தன்னைவிடப் பெரிய டிரம்மைச் சுமந்து வந்த பொடிசைப் பார்த்துப் பூரித்துப்போய், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார்.

சந்திரலேகாவின் கோல் மேலே போனது. பேண்டு நின்றது. திரும்பியது. மேடையைச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டு முழு மூச்சாக வாசிக்கத் தொடங்கியது.

பின்னால் வந்த பள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. மைக்கில் "நகருங்கம்மா, நகருங்க" என்று கத்தியது யார் காதிலும் விழவில்லை. பாட்டு முடிந்தது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அதிகாரியம்மா, தனக்கென்றே செய்த ஏற்பாடு என்று நினைத்து, இன்னும் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது! ஏன் நகர மாட்டேங்குதுங்க?" இராஜாங்கத்துக்கு வியர்த்துவிட்டது.

அவர்களை நகர்த்தக்கூடியது ஒன்றுதான். அது பைக்குள் இருந்தது. வெளியே எடுத்தால், பள்ளிக்கூடமா பேண்டு செட்டா என்று அவர் கேட்ட கேள்விக்கு இப்போதே பதில் சொன்னது போலாகிவிடும். எழில்மொழி ஒரு கணம் அவரைப் பார்த்தாள், ஒரு கணம் பிள்ளைகளைப் பார்த்தாள். வேலை போனால் போகட்டும். டிரம்பெட்டை உருவினாள், கூடவே வந்த சிவப்புக் கோட்டு மண்ணில் விழுந்தது. மூன்று முறை ஏற்றி ஊதினாள்.

முப்பத்திரண்டு இடது காலும் ஒன்றாக எழும்பின. வட்டம் வரிசையானது, வரிசை நகர்ந்தது. இதுவும் நிகழ்ச்சியில் ஓர் அங்கம் என்று மைதானமே கை தட்டியது.

இராஜாங்கம் குனிந்து கோட்டை எடுத்தார். மண்ணைத் தட்டினார். "மத்தியானச் சாப்பாடுன்னீங்க?"

"பதினோரு மணிக்குத் திருவையாத்துல ஊர்வலம் சார்." அவள் கோட்டை வாங்கிக்கொண்டாள். "எனக்கு ரெண்டும் வேணும் சார். ஒண்ணை விடச் சொன்னா என்னால முடியாது."

"பஸ்ஸுக்கு நின்னா லேட்டாயிரும். கார்ல ஏறுங்க."

கோபமா, இல்லையா? ஒன்றும் புரியாமல் ஏறினாள். கார் பள்ளியக்கிரகாரம் தாண்டுவதற்குள், கை தூக்கினால் பேண்டு நிற்கிற சட்டத்தை அவரிடம் சொல்லி முடித்தாள். அவர் ரோட்டைப் பார்த்தபடியே, "முப்பத்திரண்டு பிள்ளைங்க மானம் அந்தப் பைக்குள்ள இருந்திருக்கு. நான்தான் வெளிய எடுக்காதீங்கன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்" என்றார். எழில்மொழிக்கு அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திருவையாற்றில் சீர்த்தட்டுகளுக்கு முன்னால் பேண்டு கிளம்பியது. இறக்கிவிட்டுப் போவார் என்று நினைத்த மனுஷர் தெருமுக்கில் நின்றுகொண்டிருந்தார். யாராவது பார்க்கிறார்களா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். தெருவே பார்த்தது. அப்புறம் மெதுவாக இரண்டு கையையும் தூக்கினார்.

"யாரும்மா அவரு, தாய்மாமனா?" என்றார் சேக் தாவூது.

"எங்க தாளாளர், பாய்."

"யாரா இருந்தா என்ன, கை தூக்கிட்டாருல்ல!"

வட்டம் போட்டார்கள். எழில்மொழி ஒரு பாட்டை முழுசாக ஊதினாள். மூன்று முறை ஏற்றி ஊதுவதை மட்டும் கொஞ்சம் தள்ளிப்போட்டாள். இராஜாங்கமும் தூக்கிய கையை இறக்கவில்லை.