எதிர்பார்க்கும் விடை: ஆறு மணி

சமையலறைத் தரையில் கணவரைச் சம்மணம் போட வைத்து, மணி பார்க்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார் அந்த அம்மாள். கணவர் கைக்கடிகாரம் கட்டத் தொடங்கி இருபது வருடம் ஆகிறது என்பது வேறு விஷயம். அன்றைக்கு அவர் மூன்றாம் வகுப்பு. "டீச்சர், ஒண்ணுக்கு வருது" என்றார் விஷமமாக.

"போய்ட்டு வா. ஏங்க, ஒருவேளை நெஜமாவே ஒருத்தன் இப்படிக் கேட்டா, பின்னாடியே நாலு பேரு கெளம்புவானே, என்ன பண்றது?"

பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு ஆசிரியப் பயிற்சிக்கு வந்தவர். கூடப் படிக்கும் சின்னப் பெண்கள் வைத்த பெயர் 'ஒருவேளை அக்கா'. அவர் கைப்பையைப் பார்த்தால் பேரிடர் மீட்புப் படையே வெட்கப்படும்: சாக்பீஸ் உடைந்தால் சாக்பீஸ், அட்டைக் கடிகாரம் கிழிந்தால் இன்னொன்று, யாராவது வாந்தி எடுத்தால் ஒரு பொட்டலம் மண். பாடக்குறிப்பில் கேள்விக்கு எதிரே பிள்ளைகள் சொல்லப்போகும் பதிலையும் எழுதிவைக்க வேண்டும் என்பது பயிற்சிக் கல்லூரியின் சட்டம். பிள்ளைகளிடம் மட்டும் அதை யாரும் சொல்வதில்லை.

முந்தைய மாதிரிப் பாடங்கள் தேறவில்லை. இதுதான் கடைசி; இதுவும் போனால் சான்றிதழ் கிடையாது. பள்ளியில் மூன்றாம் வகுப்பின் பின்பெஞ்சில் மேற்பார்வையாளர் அம்மையார்.

"உங்கம்மா வேலை முடிஞ்சு எத்தனை மணிக்கு வருவாங்க? முள்ளை வச்சுக் காட்டு பாப்போம்."

எதிர்பார்க்கும் விடை, ஆறு மணி. ஜன்னலோரத்துச் சிறுமி வந்து அட்டைக் கடிகாரத்தை வாங்கினாள். முள்ளை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"எங்கம்மா போன மாசம் செத்துட்டாங்க டீச்சர். முள்ளை எங்க வைக்கணும்?"

கைப்பையில் இதற்கு ஒன்றும் இல்லை. அக்கா அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "முன்னாடியெல்லாம் எப்ப வருவாங்க?"

"இருட்டுனப்புறம். கதவைத் தட்ட மாட்டாங்க. என்னைத்தான் கூப்பிடுவாங்க."

மணி அடிக்கும்வரை அவள் சொன்னாள், வகுப்பு கேட்டது. ஒண்ணுக்குப் போகக்கூட ஒருவனும் எழவில்லை.

"பாடம் எங்கேம்மா போச்சு?" என்றார் மேற்பார்வையாளர். கெட்டவர் அல்ல, மதிப்பெண் தாளில் துக்கத்துக்குக் கட்டம் போடாதது அவர் குற்றமா? "இன்னைக்கு எடுத்ததைக் கணக்குல சேர்க்கல, நாளைக்கு இன்னொரு தடவை எடுங்க. அந்தப் பொண்ணைப் பக்கத்து கிளாஸ்ல உக்கார வைக்கச் சொல்றேன். எங்க தப்பாச்சுன்னு யோசிச்சுட்டு வாங்க."

வீட்டில் யோசித்தார். "அந்தக் கேள்வியை விட்டுட்டாப் போச்சு" என்றார் கணவர்.

"கேள்வியை விட்டுடலாங்க. அவளை எங்க விடுறது?"

மறுநாள், மேற்பார்வையாளர் பேனாவைத் திறந்து காத்திருக்க, அக்கா பக்கத்து வகுப்புக்குப் போனார். சிறுமியின் புத்தகப் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் கையைப் பிடித்து அழைத்துவந்து, முதல் பெஞ்சுப் பிள்ளைகளைக் கொஞ்சம் நகரச் சொன்னார்.