ஒரு தாருக்கு எத்தனை

தங்கச்செல்வியின் நோட்டைத் திறந்து பார்ப்பவர்கள், யாரோ நோயாளியைப் பற்றி எழுதிய குறிப்பு என்றுதான் நினைப்பார்கள். இடது பக்கம் தேதி, எதிரே நாலைந்து எண்கள், ஓரத்தில் ‘முட்டி வலி’, ‘தூக்கம் பத்தல’, ‘இன்னைக்குச் சொகமா இருந்துச்சு’ என்று ஒரு வரி. அவளுக்கு நோயும் இல்லை நொடியும் இல்லை. முப்பத்தெட்டு வயது. அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லில் பதினாலு வருஷமாக வேலை. விடியற்காலையில் வீட்டுக்குள் எத்தனை தண்டால் எடுத்தாள், எத்தனை உதை உதைத்தாள், எத்தனை பர்ப்பி போட்டாள் என்பதுதான் அந்த நோட்டு.

பர்ப்பி என்றதும் வாயைச் சப்புக்கொட்ட வேண்டாம். நின்ற இடத்தில் குனிந்து, கையூன்றி, கால்களைப் பின்னால் எறிந்து, நெஞ்சு தரையில் படப் படுத்து, எழுந்து, தலைக்கு மேல் கை தட்டிக் குதிக்க வேண்டும். ஐந்து போட்டால் பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஐம்பது போட்டால் போடுகிறவளுக்கு அழுகை வரும்.

கராத்தேக்கு அவள் வந்து சேர்ந்ததே தற்செயல்தான். மகளைச் சேர்த்துவிடப் போனாள். மகள் பத்தே நாளில் கால் வலிக்கிறது என்று நின்றுகொண்டாள். மூன்று மாதத்துக்குக் கட்டிய ஃபீஸு வீணாகிறதே என்று தாய்க்காரி போய் வரிசையில் நின்றாள். சின்னப் பிள்ளைகளுக்குப் பின்னால் சுடிதாரோடு நின்றவளைப் பார்த்துத் தெருவே சிரித்தது. லாரி ஓட்டுகிற புருஷன் அழகுராஜா மட்டும் சிரிக்கவில்லை. இனி வீட்டில் பார்த்துப் பேச வேண்டுமே என்று அவனுக்குக் கவலை. ஆறு வருஷத்தில் அவள் பழுப்புப் பட்டை வரை வந்துவிட்டாள். கறுப்புப் பட்டைக்கு இன்னும் ஒரே ஒரு தேர்வுதான்.

அந்தத் தேர்வில்தான் போன வருஷம் வழுக்கினாள். விருதுநகரில் நடந்தது. அடவு வரிசை, சண்டை எல்லாம் தேறிவிட்டாள். கடைசியில் ஐந்து நிமிஷம் விடாமல் பர்ப்பி போட வேண்டும். பெண்களுக்கு அறுபத்தைந்து. இவள் ஐம்பத்திரண்டோடு மூச்சு வாங்கித் தரையில் கிடந்தாள்.

இந்த வருஷம் தேறியே ஆக வேண்டும். நரிக்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில், பெண் பிள்ளைகளுக்குத் தற்காப்புக் கலை சொல்லித்தர ஒரு பெண்ணைத் தேடினார்கள். கறுப்புப் பட்டைச் சான்றிதழோடு ஜூன் மாதம் வந்தால் வேலை உனக்குத்தான் என்று தலைமையாசிரியை ராஜேஸ்வரி சொல்லியிருந்தார். அது தங்கச்செல்வி படித்த பள்ளிக்கூடம். படித்தது ஒன்பதாம் வகுப்பில் பாதி வரை. ஒரு நாள் கண்மாய்க் கரையில் வைத்து ஒருவன் அவள் கையைப் பிடித்தான். கத்தவும் வரவில்லை, உதறவும் வரவில்லை, கல்லாய்ச் சமைந்து நின்றாள். எதிரே யாரோ ஆடு பத்திக்கொண்டு வரவும் அவனாக விட்டுவிட்டுப் போனான். விஷயம் வீட்டுக்குத் தெரிந்தது. அவனை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவளைத்தான் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தினார்கள். அந்த ஆத்திரம் இருபத்துநாலு வருஷமாக அவளுக்குள் ஆறாமல் கிடந்தது.

போன வருஷம் தோற்று வந்த மறுநாளே நோட்டுப் போட்டாள். ஆனால் நேரத்தை அளப்பதில் ஒரு சிக்கல். அவள் குடியிருக்கும் வீட்டுக்கும் திம்மையாவின் விசைத்தறிக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். விடிய ஐந்து மணிக்குத் தறி ஓடத் தொடங்கினால், பக்கத்தில் இருக்கிறவர் பேசுவதே கேட்காது. செல்போனில் மணி வைத்துப் பார்த்தாள், அது அடித்து ஓய்ந்து ஐந்து நிமிஷம் கழித்துத்தான் தெரிந்தது. நெஞ்சு தரையில் படப் படுக்கிறவள் கடிகாரத்தை எங்கே பார்ப்பது? அப்போதுதான் தறியே கைகொடுத்தது. தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் நூல் சுற்றிய குச்சி ஒன்று இருக்கும், அதுதான் தார். தாரில் நூல் தீர்ந்தால் தறி தானாக நிற்கும். திம்மையா எழுந்து வந்து வேறு தார் மாட்டினால் மறுபடி ஓடும். ஒரு தார் ஐந்து நிமிஷம் ஓடுகிறது என்று இரண்டு நாள் பார்த்து உறுதி செய்துகொண்டாள். தேர்வுக்கும் அதே ஐந்து நிமிஷம். தறி ஓடினால் இவள் குதிப்பாள், தறி நின்றால் இவள் மூச்சு வாங்குவாள். ஒரு தாருக்குத் தண்டால், ஒரு தாருக்கு உதை, கடைசித் தாருக்குப் பர்ப்பி. நோட்டில் ‘நிமிஷம்’ என்ற சொல்லே கிடையாது, எல்லாம் தார்தான்.

கணக்கு நன்றாகவே ஏறியது. ஆடியில் ஐம்பதுக்குள் இருந்த பர்ப்பி, தை கடைசியில் அறுபத்திரண்டு. இன்னும் மூன்றுதான் என்று அவள் துள்ளிக்கொண்டிருந்தபோது மாசியில் காய்ச்சல் வந்து படுத்தாள். ஒரு வாரம் எழவில்லை. அந்த வாரம் பக்கத்தில் தறியும் ஓடவில்லை, பழைய பாவு நூலை இறக்கிப் புதுப் பாவு ஏற்றினார்கள். எட்டாம் நாள் எழுந்து, தறிச் சத்தத்தோடு குதித்தாள். ஒரு தாருக்கு நாற்பத்துமூன்று.

காய்ச்சல் கண்ட உடம்பு என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். முட்டை தின்றாள், கம்பங்கூழ் குடித்தாள். பங்குனி முழுக்க முட்டி மோதியும் எண் ஐம்பத்திரண்டைத் தாண்டவில்லை. போன வருஷம் தோற்ற அதே ஐம்பத்திரண்டு. பயிற்சி முன்னைவிடச் சீக்கிரம் முடிகிறதே என்று ஒரு நாள் தோன்றியது. காபி போட நேரம் கிடைத்ததே என்று இருந்துவிட்டாள். அன்றைக்குக் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

கராத்தே மாஸ்டர் சந்தனம் அவளைவிட ஒன்பது வயது இளையவன். நோட்டைப் பார்த்து அவன் முகம் வாடியது.

“அக்கா, இந்த வருசம் விட்ருவமா? ஒடம்பு ஒத்துக்கிறணும்ல. வெள்ளிக்கெழம பேரு அனுப்பணும்.”

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். வயசாகிவிட்டது, அவ்வளவுதான் என்று சொல்லிப் பார்த்தாள். வாய் சொன்னதை மனசு கேட்கவில்லை. அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. அழுதாள் என்று சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை, நன்றாகவே அழுதாள்.

மறுநாள் வியாழக்கிழமை, மில்லில் வார லீவு. அம்மன் கோயில் பொங்கல் கொடுத்தனுப்பிய தூக்குவாளியைத் திருப்பிக் கொடுக்கத் திம்மையா வீட்டுக்குப் போனாள். அப்போதுதான் தறி நின்றது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்த திம்மையா தார் மாற்றிவிட்டு வந்து உட்கார்ந்து, அவளிடம் கத்திக் கத்தி நாலு வார்த்தை பேசுவதற்குள் மறுபடி நின்றது.

“என்னண்ணே, இப்பத்தான மாத்துனீக?”

“அத ஏந் தாயி கேக்குற. செவராத்திரி கழிச்சுப் புதுப் பாவு ஏத்துனதுல இருந்து குறுக்க ஓடுற ஊடை நூலு தடிச்சது. உக்கார விடமாட்டேங்குது. அதுக்குள்ள தீந்து போகுது.”

தங்கச்செல்வி ஒரு தாரை எடுத்து, நூலை விரல் நடுவே உருட்டினாள். பதினாலு வருஷமாக நூலோடு கிடந்த விரல். நூல் நம்பர் ஏற ஏற மெலிசு, இறங்க இறங்கத் தடிமன் என்பது அதற்குத் தூக்கத்திலும் தெரியும்.

“இது நாப்பதாம் நம்பருல்லண்ணே?”

“ஆமா. முன்ன ஓட்டுனது அறுபது” என்றபடி திம்மையா வேறு தார் மாட்டித் தறியை ஓடவிட்டார்.

அவளுக்குச் சட்டென்று கணக்குப் புரிந்தது. தடிச்ச நூல் என்றால் அதே தாரில் நீளம் குறைவு. தாருக்கு ஐந்து நிமிஷம் என்ற கணக்கில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. படி சிறுத்தது தெரியாமல் நெல்லைக் குறை சொல்லி ஒரு மாதம் அழுதிருக்கிறாள். அதுவும் நூல் மில்லில் வேலை பார்க்கிறவள்! மில்லில் ஒருத்தி இப்படிச் செய்திருந்தால் இவளே வாரக் கணக்கில் கேலி செய்திருப்பாள்.

“அண்ணே, ஒரு அஞ்சு நிமிசம் தறிய நிறுத்துவீகளா?” என்று தறிச் சத்தத்துக்கு மேல் கத்தினாள்.

ஓடுகிற தறியை நிறுத்தச் சொல்வது, கொதிக்கிற உலையை இறக்கச் சொல்வது போல. திம்மையா அவள் முகத்தைப் பார்த்தார். காரணம் கேட்கவில்லை, கைப்பிடியைத் தள்ளிவிட்டார். தெருவே காது அடைத்த மாதிரி ஆயிற்று. செல்போனை அவர் கையில் கொடுத்து மணி பார்க்கச் சொன்னாள். எண்ணுவதற்கு அவர் மனைவி சௌடேஸ்வரி வந்து நின்றார். தறிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடத்தில் தங்கச்செல்வி துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு தொடங்கினாள்.

இருபது வரை சௌடேஸ்வரி தமிழில்தான் எண்ணினார். அப்புறம் வேகத்தில் எண்ணிக்கை தானாக வீட்டுக் கன்னடத்துக்குப் போய்விட்டது. எங்கே நிற்கிறோம் என்று தங்கச்செல்விக்குத் தெரியவில்லை. தெரியாததும் நல்லதாகப் போயிற்று. எண்ணை நினைக்காமல், விழுந்தாள், எழுந்தாள், விழுந்தாள், எழுந்தாள். போதும் என்று திம்மையா கையைக் காட்டியபோது தரையில் அவள் வேர்வை ஆள் நீளத்துக்குப் படிந்திருந்தது.

“எத்தனைக்கா?”

“எப்பத்தொந்து” என்றவர், நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்தினார். “எழுபத்தியொண்ணும்மா.”

அப்படியே உட்கார்ந்து சிரித்தாள். பிறகு அதே செல்போனில் சந்தனத்தைக் கூப்பிட்டாள். பேரை அடித்தாயிற்றே என்றான் அவன். அடித்த இடத்துக்கு மேலே மறுபடி எழுதச் சொன்னாள். நடந்ததைக் கேட்டு அவனும் சிரித்தான். நிமிஷமா தாரா என்று ஒரு வார்த்தை கேட்காமல் விட்டதற்குத் தானும் ஒரு மண்டுதான் என்று ஒத்துக்கொண்டான்.

சித்திரை மாத வெயிலில் தேர்வு. அடவு, சண்டை முடிந்து, கடைசியில் விசில் ஊதியதும் தரைக்குப் போனாள். அறுபத்தைந்து வந்ததும் எண்ணிக்கொண்டிருந்தவர் போதும்மா, தேறிவிட்டாய் என்றார். விசில் இன்னும் ஊதவில்லையே. தார் தீராமல் தறி நிற்குமா? விசில் ஊதியபோது எழுபத்துநாலு.

ஜூன் இரண்டாவது வாரம் நரிக்குடி பஸ்ஸில் ஏறிப் போனாள். இறங்கி, ஆட்டோ பிடிக்காமல், கண்மாய்க் கரை மேலேயே நடந்தாள். தண்ணீர் இல்லாத கண்மாயில் ஆடுகள் மேய்ந்தன. அந்த இடம் வந்ததும் கொஞ்சம் நின்றாள். அப்புறம் நடந்தாள்.

எட்டாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும் மைதானத்தில் வரிசையாக நின்றன. உதை எப்போது சொல்லித்தருவீர்கள் என்று ஒருத்தி கேட்டாள். அதெல்லாம் பிறகு என்றாள் தங்கச்செல்வி. பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நிறுத்தி, ஒருத்தியின் மணிக்கட்டை இன்னொருத்தி இறுக்கிப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தவளின் கட்டைவிரல் பக்கமாகக் கையைத் திருகி உருவ வேண்டும், உருவும்போதே அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். முதலில் எல்லாரும் சிரித்தார்கள். மணி அடிப்பதற்குள், ஆடு மேய்த்தவர்கள் கரையேறி எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் நோட்டை எடுத்துப் புதுப் பக்கத்தில் தேதி போட்டாள். எதிரே எழுதினாள்: ‘நாற்பத்திரண்டு பேர். நாற்பத்திரண்டு பேரும் கையை உருவிக்கொண்டார்கள்.’