கதிரையிலிருந்து முஸல்லாவுக்கு

என் கர்ப்பப்பை பல வருடங்களாக இறங்கிக்கொண்டிருந்தது. நான்தான் அந்தக் கோப்பைத் திறக்காமலே மேசை ஓரத்தில் வைத்துவிட்டு வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அரசாங்கக் கச்சேரியில் நிர்வாக அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தாமதத்துக்குக் காரணம் எழுதுவது எனக்குக் கைவந்த கலை. மாலையானால் அடிவயிறு கீழே இழுக்கும், கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும். படுத்தும் சரியாகாத நாள் வந்தபோது பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போனேன். கர்ப்பப்பையை எடுத்து, தளர்ந்த இடங்களை உள்ளே தூக்கித் தைத்து அனுப்பினார்கள்.

போகும் முன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருத்தி, உடற்பயிற்சி சிகிச்சை தருபவள், கட்டிலருகில் நின்று விதிகளைச் சொன்னாள். நேரே எழும்பக் கூடாது, ஒருக்களித்துக் கையை ஊன்றி எழும்ப வேண்டும். பாதம் தரையில் படும்படி நிமிர்ந்து உட்கார வேண்டும். பாதி கேத்தல் தண்ணீருக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது.

"எழும்பேக்குள்ள மூச்சை அடக்காதேங்கோ அம்மா. விட்டுக்கொண்டு எழும்புங்கோ. அடக்கினா முழு அமுக்கமும் தையலிலதான் விழும்."

"நிலத்தில் எப்போது தொழலாம்?"

"குனியிறது பிரச்சினை இல்லை. எழும்புறதுதான். கிளினிக்கில பாத்திட்டுச் சொல்லுறம். அதுவரைக்கும் இருந்து தொழுங்கோ, கதிரையில."

எனக்கு வலித்தது அந்தக் கடைசிச் சொல்தான். என் வயதுக்காரிகள் எல்லாம் கதிரைக்கு மாறிய பிறகும் நான் நிலத்தில் முஸல்லாப் பாயை விரித்து நெற்றி வைத்தே தொழுது வந்தவள். அதில் எனக்குப் பெருமை இருந்தது. தொழுகையில் பெருமை கூடாது என்ற விதியும் எனக்குத் தெரியும். தையல் விட்டால் இரண்டாவது ஒப்பரேஷன், அதன் பிறகு ஆயுள் முழுக்கக் கதிரை. இதை யாரிடமும் சொல்லாமல் கட்டுகஸ்தோட்டை வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

கணவர் இல்லை, மகன் வெளிநாட்டில். ஆகவே நாவலப்பிட்டியிலிருந்து தங்கை வந்தாள். அவளும் அவள் கணவரும் அங்கே துணிக்கடை வைத்திருக்கிறார்கள். கடையை அவரிடம் விட்டுவிட்டு இரண்டு பைகளோடு வந்து இறங்கியவள், தேநீர்கூடக் குடிக்காமல் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். உட்கார்ந்தால் ஆளை விழுங்கும் என் சோபா வந்தவர்களுக்கு என்று தீர்ப்பானது. எனக்குச் சாப்பாட்டு மேசையின் நேர் முதுகுக் கதிரை. கொமட்டின் முன்னால் கால் வைக்க ஒரு குட்டி ஸ்டூல் வந்தது. கேத்தலில் பாதிக்கு மேல் தண்ணீர் நிற்பதை நான் பிறகு காணவேயில்லை.

நோயாளியைப் பார்ப்பது கடமை என்பதால் எங்கள் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவர்கள் சோபாவில் புதைந்திருக்க, நான் விசாரணைக்குத் தலைமை தாங்குபவள் போல நிமிர்ந்திருந்தேன். ஒருநாள் என் கணவர் வழி உறவுக்காரி ஒருத்தி, கொழுத்த பேரனை என் மடியில் இறக்கப் போனாள். தங்கை பாதியிலேயே பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

"என்ன ஒப்பரேஷன் மச்சி?" என்று உறவுக்காரி கேட்டாள்.

"வயிறு" என்றேன். எல்லோருக்கும் அதே பதிலைத்தான் சொல்லி வந்தேன்.

"வயிறு இல்ல. கர்ப்பப்பை எறங்கின. தூக்கித் தச்சீக்கி. பாரம் தூக்கினா திரும்ப எறங்கிடும்" என்றாள் தங்கை, துணியின் விலை சொல்லும் குரலில்.

எனக்குக் காது சுட்டது. உறவுக்காரி வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அதுக்கு மருந்து ஈக்கா?" என்று கேட்டாள். என்னிடம் இல்லை, தங்கையிடம். இருவரும் குசினிக்குள் போய், அடுப்பருகில் நின்று வெகுநேரம் பேசினார்கள்.

தையல் வலி நின்றதும் எனக்குள்ளிருந்த அதிகாரி விழித்துக்கொண்டாள். காரணம் தீர்ந்தால் சலுகையும் தீரும். கச்சேரியிலும் மார்க்கத்திலும் அதுதான் விதி. காரணம் தீர்ந்துவிட்டது என்று நானே எழுதி, நானே ஒப்பமிட்டு, ஒரு பின்னேரம், அஸர் தொழுகை நேரத்தில், தங்கை குளிக்கப் போனதும் முஸல்லாவை விரித்தேன்.

இறங்குவது எளிதாக இருந்தது. நெற்றி தரையில் பட்டதும் உள்ளே எல்லாம் இலேசானது. எழும்ப முயன்றபோது அடியில் சுரீரென்று ஓர் இழுப்பு. அப்படியே உறைந்துவிட்டேன்.

ஈரத் தலையோடு வந்த தங்கை வாசலில் நின்றாள். "ராத்தா, சுஜூது கொஞ்சம் நீளமா ஈக்கே."

"எழும்பப் பயமாக இருக்கிறது."

"அப்ப எழும்ப வாணாம். இரிங்க, வாரன்."

நான் கையை நீட்டினேன். அவள் பிடிக்கவில்லை. "நான் இழுத்தா நீங்க மூச்ச அடக்குவீங்க" என்று சொல்லிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் தானும் இறங்கினாள். "என்னப் பாருங்க." தவழ்வது போல நின்று, ஒரு காலை முன்னே வைத்து, கதிரையில் கையை ஊன்றி, 'யா அல்லாஹ்' என்று நீளமாக மூச்சை விட்டாள். எழும்ப முடியவில்லை. பழைய வாதக் கால்கள். பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு முட்டுக்கால் இல்ல, ஒங்களுக்கு அடிவயிறு இல்ல. ரெண்டு பேரையும் சேத்தா ஒரு பொம்பள வருவா" என்றாள்.

"சிரிக்க வைக்காதே, தையல்."

"சிரிங்க. சிரிச்சா மூச்சு வெளியதானே போகுது."

எந்த வைத்தியரும் இதற்கு ஒப்பமிட மாட்டார். ஆனாலும் சிரித்தேன். அந்த மூச்சு முடிவதற்குள் அவள் காட்டியபடியே எழும்பியும் விட்டேன். எதுவும் அறுந்ததாகத் தெரியவில்லை. கதிரையை அவள் பக்கம் தள்ளிவிட்டேன். அவளும் ஒருவாறு எழும்பினாள். ஏசுவாள் என்று காத்திருந்தேன். முஸல்லாவை மடித்து, எனக்கு எட்டாதபடி அலுமாரியின் மேல் வைத்துவிட்டுத் தலை துவட்டப் போனாள். நான் பல மேலதிகாரிகளின் கீழ் வேலை செய்திருக்கிறேன். கீழே இருப்பவரைச் சிறுமைப்படுத்தாமல் ஒரு விதியை நிலைநாட்டத் தெரிந்தவர் அவர்களில் எவரும் இல்லை.

அதன் பிறகு கிளினிக் நாள் வரை கதிரையிலேயே தொழுதேன். அவளும் முட்டுக்காலுக்காகப் பல வருடங்களாகக் கதிரையில்தான் தொழுகிறாள். அதை ஒரு குறையாக அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

கிளினிக்கில் டொக்டர் பார்த்துவிட்டு, தைத்த இடம் நன்றாக இருக்கிறது என்றார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒரு பாயை விரித்து என்னை இறங்கி எழும்பச் சொன்னாள். முகத்தைப் பார்க்காமல் முதுகையே பார்த்தாள். "ஓம், நல்லா எழும்புறியள். இனி நிலத்தில தொழலாம். பாரம் மட்டும் இன்னும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம்."

அன்று அந்தி மஃரிப் தொழுகைக்கு முஸல்லா கீழே வந்தது. என் பின்னால், சற்றுத் தள்ளி, தங்கை தன் கதிரையில் தொழ உட்கார்ந்தாள். ஒவ்வொரு ரக்அத்திலும் நெற்றியை வைத்தேன், மூச்சை விட்டுக்கொண்டு எழுந்தேன். கீழே எதுவும் இழுக்கவில்லை. ஸலாம் கொடுத்து முடித்தபோது கன்னம் நனைந்திருந்தது. அதை முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

"ரெண்டாவது ரக்அத்துக்கு எழும்பக்கொள்ள கொஞ்சம் கூன் போட்டீங்க. மூணாவதுக்கு சரி" என்றாள் பின்னாலிருந்து.

"என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்றால் உன்னுடைய தொழுகை கணக்கில் எப்படிச் சேரும்?"

"சேராதுதான். நான் திருப்பித் தொழுவன். நீங்க போய்ச் சாஞ்சு படுங்க."

கதிரையைக் கொஞ்சம் நேராக்கிவிட்டு, அவள் முதலிலிருந்து தொழத் தொடங்கினாள்.