மொத்தமாகவா, மாதாமாதமா

அச்சகத்தில் எல்லோரும் அவளை எஸ்டிமேட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நோட்டீஸோ பில் புத்தகமோ, காகிதம் எவ்வளவு, மை எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று நின்ற நிலையில் விலை சொல்லிவிடுவாள். பத்தொன்பது வருடத்தில் அவள் சொன்ன விலை முதலாளிக்கு ஒரு தடவைகூடக் கையைக் கடித்ததில்லை.

நூல் ஆலையில் சரக்கு லிப்ட் அறுந்து விழுந்து அவள் கணவன் இறந்து முப்பத்தாறு நாள் கழித்து, ஆலை அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். அதிகாரி ஒரு நஷ்டஈட்டுப் படிவத்தை அவள் பக்கம் தள்ளினார்.

“மொத்தமா வாங்கினா பதினெட்டு லட்சம். இல்லேன்னா நீங்க இருக்கிற வரைக்கும் மாசம் பன்னிரண்டாயிரம். யோசிச்சு டிக் பண்ணுங்கம்மா. அப்புறம் மாத்த முடியாது.”

உட்கார்ந்த இடத்திலேயே வகுத்துவிட்டாள். நூற்றைம்பது மாதம், பன்னிரண்டரை வருடம். அவளுக்கு வயது நாற்பத்து நான்கு. ஐம்பத்தாறரையைத் தாண்டி இருந்தால் மாதப் பணம் லாபம், அதற்குள் போய்ச் சேர்ந்தால் நஷ்டம். தன் ஆயுசுக்கே எஸ்டிமேட் போடுகிறோம் என்பது புரிந்தது. ஆனால் எங்கும் வலிக்கவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்பது போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வந்தான். பிளாஸ்டிக் வாளி, குடம் விற்கிற கடை அவனுக்கு.

“அண்ணி, மொத்தமா வாங்கி என் கடையில போடுங்க. மாசம் நூத்துக்கு ரெண்டு வட்டி. முப்பத்தாறாயிரம் சுளையா வரும். ஆலைக்காரன் குடுக்கிறதைப் போல மூணு பங்கு!”

“பார்க்கலாம் தம்பி.”

மறுநாள் அச்சகத்தில் ஆர்டர் நோட்டைப் புரட்டினாள். அவன் கடைக்குப் பில் புத்தகம் அடிப்பதும் அங்கேதான். மூன்று வருடத்துக்கு முன் நாற்பது புத்தகம். போன வருடம் ஆறு. புத்தகத்துக்கு ஐம்பது பில் என்றால் வருடத்துக்கே முந்நூறு பில். அவன் சொன்ன வட்டியோ வருடத்துக்கு நாலு லட்சத்து முப்பத்திரண்டாயிரம்.

அன்று சாயங்காலமே போய் மாதப் பணத்துக்கு டிக் போட்டுவிட்டு வந்தாள்.

விஷயம் தெரிந்து கொழுந்தன் ஓடி வந்தான். “என்னை நம்பலையா அண்ணி?”

“நம்பிக்கைய விடு தம்பி. ஒரு பில்லுக்கு ஆயிரத்து நானூத்தி நாப்பது லாபம் வந்தாத்தான் அந்த வட்டி கட்ட முடியும். வருமா?”

அவன் மனதுக்குள் கூட்டிப் பார்த்தான். முகம் தொங்கிப் போயிற்று. “குடத்துக்குத் தங்க முலாம் பூசினா வரும்,” என்று தானே சிரித்தான். வேறொரு நாளாக இருந்தால் அவளும் சிரித்திருப்பாள். டீயைக் குடித்துவிட்டுப் போனவன், அப்புறம் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

முதல் மாதப் பணம் வந்த வாரம் ஹாஸ்டலிலிருந்து மகள் வந்தாள். வணிகக் கணிதம் படிக்கிறவள். பேனாவும் கையுமாக உட்கார்ந்துவிட்டாள்.

“மொத்தமா வாங்கி பாங்க்ல போட்டிருந்தா, ஆறு சதவீதத்துக்கே மாசம் ஒன்பதாயிரம் வந்திருக்கும். முதலும் குறையாம இருந்திருக்கும். மூவாயிரத்துக்கு ஆசைப்பட்டு பதினெட்டு லட்சத்தை விட்டுட்டியேம்மா.”

“ஆமா. நீ போட்ட கணக்குதான் சரி.”

“தெரிஞ்சுமா?”

“பணம் இருக்குன்னு தெரிஞ்சா ஆளாளுக்கு வந்து கேட்பாங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் ‘இல்ல, இல்ல’ன்னு சொல்லிட்டிருக்க எனக்குத் தெம்பில்லடி.”

மகள் பேனாவை மூடினாள். “நீ இன்னும் அழவே இல்லையாம்மா?”

“இல்ல. வரல.”

மகள் நகர்ந்து வந்து தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தாள். அந்தச் சூடு மட்டும் அவளுக்குத் தெரிந்தது.