கரண்ட் போன நேரம்

சுனாமி வந்துபோன மறுவருஷம், உப்புப் பாக்கெட் போடும் கொட்டகை ஒன்றில் அம்மா மெஷின் ஓட்டினாள். மரக்காணத்திலிருந்து கூனிமேடு போகும் ரோட்டில், உப்புப் பாத்திகளை ஒட்டி இருந்தது கொட்டகை. அந்த மெஷின் பக்கமே நான் போகமாட்டேன். இரண்டு ரப்பர் உருளைகள் பிளாஸ்டிக் தாளைக் கீழே இழுத்துவிட்டு நிற்கும். உடனே ஒரு கத்தி வந்து வெட்டும். அம்மாவோடு வேலை செய்த ஓர் அக்காவின் விரல்நுனி அதில் போயிருந்தது.

உருளைகளைச் சுற்றுவது ஸ்டெப்பர் மோட்டார். அடியடியாக அளந்து சுற்றும். அதற்குக் கரண்டை அளந்து கொடுக்கும் பெட்டிக்கு டிரைவர் என்று பெயர். உள்ளே யாரோ உட்கார்ந்து ஓட்டுகிறார் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். உப்புக்காற்றில் அந்தப் பெட்டி எரிந்துபோனது. பாண்டிச்சேரியில் டிப்ளமோ படித்து அங்கேயே வேலை பார்த்த என் அத்தை, அப்பாவின் தங்கை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் புதுப் பெட்டியோடு வந்தாள். கொட்டகையில் நாங்கள் மூவர்தான்.

அத்தை முதலில் பிளக்கைப் பிடுங்கினாள். மோட்டார் மேல் எழுதியிருந்த கரண்ட் அளவைப் படித்து, அதைவிடக் குறைவாகவே பெட்டியின் குட்டி சுவிட்சுகளைத் தள்ளிவைத்தாள். ஒயர்களை முறுக்கினாள். கரண்ட் கொடுத்ததும் மோட்டார் சுற்றவில்லை. நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டு கிறீச்சென்று அலறியது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். ஒயர் லூசாக இருக்கிறதென்று அம்மா கையை நீட்டினாள். அத்தை அந்தக் கையைப் பளாரென்று தட்டிவிட்டாள்.

"கரண்ட் இருக்கும்போது மோட்டார் ஒயரத் தொடாதீங்க அண்ணி! கழண்டுச்சுன்னா டிரைவரு போயிடும்!"

"ஒரு பொட்டிக்காவ என்னையே அடிக்கிறியா?"

அதன்பிறகு அம்மா பேசவில்லை. அத்தையும் மன்னிப்புக் கேட்கவில்லை. பிளக்கைப் பிடுங்கி, பெட்டியின் சிவப்பு விளக்கு தானாக அணையும்வரை காத்திருந்து, இரண்டு ஒயர்களை இடம் மாற்றினாள். இந்த முறை மோட்டார் பூனை மாதிரி சத்தமில்லாமல் சுற்றியது. தாளைக் கோத்து ஓடவிட்டார்கள். நாலைந்து பாக்கெட் விழுந்ததும் தாள் உருளைக்குள் சுருண்டு சிக்கியது. அதே சமயம் கரண்ட் போனது. தலைக்கு மேல் ஃபேன் நின்றது.

அம்மா யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு கைகளையும் உருளைகளுக்கு இடையே, கத்திக்குக் கீழே விட்டு, சிக்கிய தாளை இழுக்க ஆரம்பித்தாள். மெஷினை ஓட்டும் சுவிட்ச் போட்டபடியே இருந்தது. அதை நான் பார்த்தேன். சொல்ல நாக்கு வரவில்லை. மாதாவே, மாதாவே என்று மட்டும் உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

சட்டென்று பல்பு எரிந்தது. ஃபேன் சுற்றியது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு அலறினேன்.

கண்ணைத் திறந்தபோது அம்மாவின் கைகள் உள்ளேதான் இருந்தன. முகத்தில் ரத்தமே இல்லை. மெஷின் அசையவில்லை. சுவர் ஓரமாக, பிளக்கைக் கையில் பிடித்தபடி அத்தை நின்றிருந்தாள். கரண்ட் போன உடனேயே பிடுங்கியிருக்கிறாள். அம்மா மெல்லக் கைகளை வெளியே எடுத்து, சேலையில் திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

மாதாதான் மெஷினைப் பிடித்து நிறுத்தினாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மெஷினைச் சரிபார்த்து முடித்த பிறகு அத்தையை பஸ் ஏற்றிவிட நான் கூடப் போனேன். நிறுத்தத்தில் நின்றபோது அவள் உடம்பெல்லாம் உதறியது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"அழாதீங்க அத்தை. அம்மா கோவம் ரெண்டு நாளுதான். அப்புறம் பேசிடுவாங்க."

அத்தை சரி என்று தலையாட்டினாள்.