சொல்லாமல் நடந்தவர்

தங்கவேல் அண்ணா இறந்துவிட்டார் என்ற செய்தி ஒரு சனிக்கிழமை காலை வந்தது. ஜெர்சி சிட்டி வீட்டில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். டெக்சாஸில் இருக்கும் அவருடைய மகள் பழைய நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தாள். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் அவரும் மனைவியும் குடியிருந்த சிற்றூரில், கடைக்குப் போய்ப் பால் வாங்கிக்கொண்டு கடலோரப் பாதை வழியாக வீடு திரும்பியபோது நெஞ்சு வலி வந்திருக்கிறது. பாதையோரம் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நாயோடு நடக்க வந்த ஒருவர்தான் பார்த்திருக்கிறார். என் கணவர் செய்தியைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அழப்போகிறேனா என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

டெக்சாஸின் இர்விங்கில் அவரோடு வேலை பார்த்த நீங்கள் பலரும் இந்தக் குழுவில் அவரைப் பற்றி எழுதிவிட்டீர்கள். புதிதாக வந்து இறங்கியவர்களை விமான நிலையத்துக்கே போய் அழைத்து வந்ததையும், முதல் வாரச் சாப்பாடு அவர் வீட்டில்தான் என்பதையும் எழுதியிருந்தீர்கள். எல்லாம் உண்மை. நாங்கள் வந்தபோதும் அப்படித்தான். அவர் மனைவி சரோஜா அக்கா கொடுத்தனுப்பிய அரிசிம்பருப்புச் சோற்றைத்தான் கட்டில்கூட இல்லாத வீட்டில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள என்னால் முடியவில்லை.

கோபிச்செட்டிபாளையத்துக்காரர். அமெரிக்கா வருவதற்கு முன் நெடுங்காலம் வேல்ஸில் வேலை பார்த்து, பிரிட்டிஷ் குடியுரிமையும் வாங்கியவர். அங்கே பிடித்த நடைப் பழக்கத்தை டெக்சாஸ் வெயிலிலும் அவர் விடவில்லை. இர்விங்கில் சாலையோரம் ஒருவர் நடந்துபோனால் கார் பழுதாகிவிட்டதா என்று வண்டியை நிறுத்திக் கேட்பார்கள். அவரையும் கேட்பார்கள். நன்றி சொல்லிவிட்டுத் தொடர்ந்து நடப்பார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அலுவலகத்தை ஒட்டிய லாஸ் கொலினாஸ் கால்வாய் ஓரமாக ஒரு சுற்று. மற்றவர்கள் இரண்டு நாளில் கழன்றுகொண்டார்கள். நான் மட்டும் அவரோடு நான்கு வருடம் நடந்தேன்.

நடக்கும்போது பேச்சு வேல்ஸுக்குப் போய்விடும். அங்கே மழை மேலிருந்து பெய்யாது, பக்கவாட்டில் பெய்யும் என்பார். "மழை நிக்கட்டும்னு உக்காந்திருந்தா அந்த ஊர்ல பால் வாங்கக்கூடப் போக முடியாதுங்க." பாதையில் ஆட்டு மந்தைக்காகப் போட்ட படல்களைத் திறந்தவர்தான் மூட வேண்டும் என்பதையும், எதிரே வருபவர் யாரானாலும் வணக்கம் சொல்லாமல் கடக்கக் கூடாது என்பதையும் சட்டம் போலச் சொல்வார். ஒருமுறை கடல் உள்வாங்கியிருந்த நேரத்தில் ஒரு தகப்பன் இரண்டு பிள்ளைகளோடு பாறைக்கு அந்தப் பக்கம் போவதை மேலேயிருந்து பார்த்திருக்கிறார். அலை திரும்பினால் வழி அடைபட்டுவிடும். தொண்டை கட்டும் அளவுக்குக் கத்திக்கொண்டே கீழே ஓடி, அவர்களைத் திருப்பி அழைத்து வந்தாராம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமை இருக்காது. யாராக இருந்தாலும் அதைத்தானே செய்வார்கள் என்பது போலச் சொல்வார்.

இன்னொன்றும் சொல்வார்: "நடக்கறப்ப மூஞ்சியப் பாத்துப் பேச வேண்டியதில்லீங்க. அதனால நெசத்தப் பேசலாம்." நான் பேசினேன். மாமியாரோடு இருந்த மனத்தாங்கல், மகள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வது, எல்லாவற்றையும் அந்தக் கால்வாய் ஓரத்தில்தான் கொட்டினேன். வீடு வாங்க முடிவு செய்ததையும் அங்கேதான் சொன்னேன். மகளின் பள்ளிக்குப் பக்கத்தில், கொல்லையில் ஒரு பீக்கன் மரத்தோடு. வெள்ளிக்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்து என்று வியாழக்கிழமை சொன்னேன். கால்வாயைப் பார்த்துக்கொண்டே நடந்தார். பிறகு, "நல்ல ஏரியாங்க, சந்தோசமுங்க," என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை எனக்கு வேலை போயிற்று. எங்கள் குடும்பத்தின் விசா என் வேலையோடு கட்டப்பட்டது. குறுகிய அவகாசத்துக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் மூன்று பேரும் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். வங்கி கடன் தர மறுத்துவிட்டது. வீடும் போயிற்று, அதற்குக் கட்டிய முன்பணமும் போயிற்று. அன்று என் மேசைச் சாமான்களைப் பெட்டியில் போட்டுத் தூக்கி வந்து, என் காரை ஓட்டி என்னை வீட்டில் சேர்த்தவர் தங்கவேல் அண்ணாதான். என் கணவரின் தோளில் கை வைத்து, பார்த்துக்கொள்ளலாம் என்றார். அந்தக் கையை நாங்கள் நம்பினோம்.

கடைசி நேரத்தில் ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கிக்கான ஒப்பந்த வேலை கிடைத்தது. மகளின் பள்ளி ஆண்டு முடியும்வரை அவளும் என் கணவரும் இர்விங்கில், நான் இங்கே ஓர் அறையில். அப்போதுதான் பழைய அலுவலகத்தில் எங்களோடு இருந்த ஒருவர், எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பேச்சுவாக்கில் சொன்னார். என்னை வேலையிலிருந்து நிறுத்தப்போவது தங்கவேல் அண்ணாவுக்கு இரண்டு வாரம் முன்பே தெரியும். என் வேலையை யார் யாருக்குப் பிரித்துக் கொடுப்பது என்று மேலிடத்தில் அவரைத்தான் கேட்டிருக்கிறார்கள். அந்த இரண்டு வாரமும் அவர் மதியம் தவறாமல் என்னோடு நடந்தார்.

அதன் பிறகு அவர் அழைத்தால் நான் எடுக்கவில்லை. ஓய்வு பெற்று அவரும் அக்காவும் வேல்ஸுக்கே திரும்பிய பிறகு ஞாயிறுதோறும் கடலோரப் படங்கள் அனுப்பினார். அவற்றுக்கும் பதில் போடவில்லை. போன வசந்த காலத்தில் அலுவலகம் என்னை லண்டனுக்கு அனுப்பியபோது, வார இறுதியில் ரயில் ஏறிப் போய் அவர்கள் வீட்டில் இறங்கினேன். கடல் பார்க்கப் போகவில்லை. அவரிடம் கேட்கத்தான் போனேன்.

அக்காவுக்கு முழங்கால் வலி. சமையலைப் பார்க்கிறேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். நாங்கள் இருவரும் நடந்தோம். அவர் சொன்னதெல்லாம் அப்படியே இருந்தது. ஒரு பக்கம் ஆடுகள் மேயும் சரிவு, மறுபக்கம் செங்குத்தாக இறங்கும் பாறை, கீழே கரும்பச்சைக் கடல். பாதை நெடுக மஞ்சளாகப் பூத்த முட்புதரில் தேங்காய் வாசம் அடித்தது. எதிரே வந்தவர்கள் அவரை 'வேல்' என்று அழைத்தார்கள். அவர் 'போரே தா' என்று அவர்கள் மொழியிலேயே காலை வணக்கம் சொன்னார். அவ்வளவு அழகான இடத்தில் நான் கேட்க வேண்டியதை மனதில் அடுக்கிக்கொண்டே நடந்தேன்.

"வீட்டுக்குக் கையெழுத்துப் போடப் போறேன்னு சொன்னப்ப, உங்களுக்குத் தெரியும்ல அண்ணா?" என்று கேட்டேன்.

"தெரியுமுங்க."

"ஒரு வாரம் தள்ளிப் போடுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கோணும். வெளிய சொன்னா எனக்கும் வேலை போயிரும்னாங்க. பொண்ணுக்கு அப்பக் காலேஜ் கடைசி வருசம். பயந்துட்டேனுங்க."

வேலை போனால் திரும்பிப் போக அவருக்கு இந்தக் கடற்கரை இருந்தது. அது வாய்வரை வந்தது, சொல்லவில்லை. வேறொன்று கேட்டேன். மறுபடி அதே நிலைமை வந்தால் சொல்வீர்களா என்றேன். அவர் ஒரு படலைத் திறந்து, என்னைப் போகவிட்டு, மூடிவிட்டு வந்தார்.

"தெரியலீங்க. சொல்லுவேன்னு சொன்னா அது இன்னொரு பொய்யாப் போயிரும்."

மன்னிப்புக் கேட்டிருந்தால்கூட எனக்கு ஆத்திரம் அடங்கியிருக்கும். வீட்டுக்கு வந்து, அக்கா வைத்த குழம்பை ஊற்றிச் சாப்பிட்டு, மாலை ரயிலில் கிளம்பிவிட்டேன். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

அவர் இறந்த மூன்றாம் நாள் சரோஜா அக்கா அழைத்தார். ஞாயிற்றுக்கிழமை ஜூமில் நினைவுக் கூட்டம், நான் பேச வேண்டும் என்றார். "உங்க வேலை போறதுக்கு முன்னாடியே அவரு ரகசியமாச் சொல்லி உங்கள உசார்படுத்துனாருல்லங்க, அதச் சொல்லுங்க. தன்ற வேலை போனாலும் பரவால்லன்னு சொல்லீட்டேன்னாரு. அத நெனச்சு நெனச்சுத்தான் நான் பெருமைப்பட்டுக்குவேன்."

சரிங்க அக்கா என்று வைத்துவிட்டேன். எனக்குச் செய்யாததைச் செய்ததாக அக்காவிடம் சொல்லி, இத்தனை வருடம் அந்தப் பெருமையை அனுபவித்திருக்கிறார் அண்ணா. கூட்டத்தில் நான் வேல்ஸ் மழையைப் பற்றிப் பேசினேன். மஞ்சள் பூவைப் பற்றிப் பேசினேன். அன்று மாலையே அக்கா மறுபடி அழைத்து, ஏன் அதைச் சொல்லவில்லை என்று கேட்டார். குரலில் வருத்தம் இருந்தது. என்னால் மேற்கொண்டு மறைக்க முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

"எங்கிட்டயுமா," என்றார் அக்கா. அவ்வளவுதான். நான்தான் மன்னிப்புக் கேட்டேன். இந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டாம் என்றேன். அதற்கு அவர் சொன்னதை அவருடைய சம்மதத்தோடுதான் இங்கே எழுதுகிறேன்.

"எழுதறதா இருந்தா இதையும் எழுதுங்க. இருந்ததே இல்லாத ஒருத்தர நெனச்சுட்டு எத்தன நாளைக்குத்தானுங்க அழுவறது."

அதனால்தான் இதை எழுதினேன். மன்னித்துவிட்டாயா என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம். எங்களை விமான நிலையத்தில் வந்து அழைத்துப்போனவரும் அவர்தான், தெரிந்துகொண்டே என்னைக் கையெழுத்துப் போட விட்டவரும் அவர்தான். மனைவிக்குக்கூடக் கொடுக்காத ஓர் உண்மையை அந்தப் பாறை மேல் எனக்கு மட்டும் கொடுத்தார், நான் அதற்காகத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன் என்பதால். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த 'தெரியலீங்க' ஒன்றைத்தான்.