நாலு கை

வில்லை வளைக்க இரண்டு கை வேண்டும். துப்பாக்கியைக் குறிபார்த்துச் சுடவும் இரண்டு கை வேண்டும். மனுஷனுக்கு நாலு கை கிடையாது. ஆகவே அன்று ஏரிக்கரையில் இருந்தது இரண்டு பேர். வெற்றிவேலின் குடியைக் கெடுத்த கணக்கு இவ்வளவுதான். இதைப் போட்டவர் படித்தவர் வேறு.

வெற்றிவேலுக்கு நாற்பத்தெட்டு வயது. தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் இருபத்தோரு வருஷமாக லேத் ஓட்டியவன். வாய் செத்தவன் என்று பட்டறையில் கேலி செய்வார்கள். யார் எதைக் கடைந்து கேட்டாலும் கடைந்து கொடுப்பான், எதற்கு என்று கேட்க மாட்டான்.

மனைவி பாக்கியலட்சுமிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய் மூன்று வருஷமாகியிருந்தது. பிள்ளை குட்டி இல்லை. செவ்வாயும் வெள்ளியும் காலையில் கோரிமேட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். கால் வீங்கிக் கிடந்ததால் அவளால் தானாகப் பஸ் படி ஏற முடியாது. வெற்றிவேல்தான் இடுப்பில் கைகொடுத்துத் தூக்கி ஏற்றுவான்.

"நான் இன்னா அரிசி மூட்டையா?" என்பாள்.

"மூட்டையா இருந்தா இவ்ளோ பேசாது" என்பான். அவளிடம் மட்டும் அவனுக்கு வாய் இருந்தது.

அந்த இரண்டு நாளும் பட்டறையில் அவனுடைய ஏழு மணிக் கையெழுத்தைப் பக்கத்து மெஷின்காரர் முருகையன் போட்டுவிடுவார். விட்ட நேரத்தை மற்ற நாள்களில் நின்று முடித்துக் கொடுப்பான். சூப்பர்வைசருக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார். மூன்று வருஷம் யாருக்கும் கெடுதல் இல்லாமல் ஓடிய ஏற்பாடு அது.

கெடுதல் மச்சினன் உருவத்தில் வந்தது. பாக்கியத்தின் ஒரே தம்பி கலைவாணன். கொத்து வேலை செய்பவன், ஆனால் மனசெல்லாம் ஏரிப் பறவைகள் மேல். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய ஒரு சொல்தா கிழவர் செத்தபோது அவர் வீட்டுத் துப்பாக்கி எப்படியோ இவன் கைக்கு வந்தது. லைசென்ஸ் கிழவரோடு போய்விட்டது. வில்லை அவனே பிளாஸ்டிக் பைப்பைச் சூடுகாட்டித் தட்டிச் செய்தான். பறவை உட்கார்ந்திருந்தால் சத்தமில்லாத வில், பறந்தால் துப்பாக்கி. ஒன்று கையில், ஒன்று முதுகில். அம்பு முனை ஆறு கடைந்து கொடுத்தது வெற்றிவேல். மீன் குத்த என்று சொல்லிக் கேட்டிருந்தான். வெற்றிவேலும் வழக்கம்போல மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

தை மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணிக்கு, வில்லும் துப்பாக்கியும் செத்த நாமக்கோழிகள் மூன்றுமாகக் கலைவாணன் ஏரிக்கரையில் பிடிபட்டான். வேட்டையே குற்றம் என்று ஆன நாட்டில், வேட்டைக்காரன் எத்தனை ஆயுதம் தூக்கலாம் என்று சட்டம் எதற்குச் சொல்லப்போகிறது? சட்டம் சொல்லாத இடத்தில் விசாரணை அதிகாரி தானே ஒரு விதி போட்டுக்கொண்டார். ஆளுக்கு ஓர் ஆயுதம்.

"நாலு கை இருக்கறதுக்கு நீ இன்னா சாமியாடா? கூட வந்தவன் எவன்?"

"யாரும் இல்ல சார். நான் ஒருத்தன்தான்."

அது சத்தியமான வார்த்தை. கலைவாணன் வாயிலிருந்து அப்படி வருவது அபூர்வம், வந்தபோது யாரும் நம்பவில்லை. மத்தியானம் வரை அதையே சொன்னான். பிறகு அதிகாரி அம்பு முனையை மேசையில் உருட்டிவிட்டு, "இது லேத்துல கடைஞ்சது. கடைஞ்சவன் யாரு?" என்றார். பசியோ, பயமோ, மாமா பேரைச் சொன்னான். கடைந்தவன் கூட வந்தவனாக ஆக ஐந்து நிமிஷம்கூடப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை வெற்றிவேலைக் கூப்பிட்டார்கள். அவன் பயப்படவில்லை. வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு அவன் கோரிமேட்டில் பாக்கியத்தோடு வரிசையில் நின்றவன். ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தான். ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும் என்று, பட்டறைக் கையெழுத்துப் பக்கத்தையும் முருகையனைச் செல்போனில் படம் பிடித்து அனுப்பச் சொன்னான். வெகுளி என்று அவனைச் சொல்லலாம், முட்டாள் என்றும் சொல்லலாம்.

அதிகாரி சீட்டையும் செல்போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில நின்ன. அதே ஏழு மணிக்குப் பட்டறையில கையெழுத்தும் போட்ட. அப்படித்தானே?"

"கையெழுத்து நான் போடல சார். நம்ம முருகையன்..."

"அப்ப இது பொய்யி. சீட்டுல உன் சம்சாரம் பேருதான் இருக்குது. உன் பேரு எங்க?"

வெற்றிவேல் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நோயாளி பேர் இருந்தது. நோயாளியைத் தூக்கிக்கொண்டு வந்தவன் பேருக்கு அதில் கட்டம் இல்லை. பட்டறைக்குப் போன் போட்டார்கள். சூப்பர்வைசர் தன் தலையைக் காப்பாற்றிக்கொண்டார். அன்றைக்கு அவன் வரவில்லை, கையெழுத்து எப்படி வந்ததென்று தெரியாது என்றார். முருகையனுக்கு அன்றே வேலை போயிற்று. வெற்றிவேல் சீட்டை மட்டும் கொண்டுபோயிருந்தால் ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தை விசாரித்திருப்பார்கள். இரண்டையும் சேர்த்துத் தூக்கிப்போய், மச்சினன் மாதிரியே மாட்டிக்கொண்டான்.

வக்கீல் சந்திரமோகன் சிறைக்கு வந்து பார்த்தார். "நர்சுங்கள சாட்சி போட்டு கோர்ட்ல நிரூபிச்சிடலாம். என்ன, கொஞ்சம் நாளாகும்."

"வர்ற செவ்வாக்கிழமைக்குள்ள ஆவுங்களா?" என்று கேட்டான் வெற்றிவேல். வக்கீல் வக்காலத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

முதல் செவ்வாய் பக்கத்து வீட்டுக்காரி கூடப் போனாள். வெள்ளிக்கிழமை பாக்கியம் தனியாகவே போய்த் திரும்பினாள். அடுத்த செவ்வாய் அவளால் பஸ் படியில் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. பஸ் எவ்வளவு நேரம் நிற்கும்? வீட்டுக்குத் திரும்பி வந்து படுத்துக்கொண்டாள். கேட்டவர்களிடம் போய் வந்துவிட்டேன் என்று சொன்னாள். புருஷனையும் தம்பியையும் சேர்த்துப் பறிகொடுத்தவளுக்கு ஊராரிடம் கை நீட்ட வெட்கமாக இருந்தது. அந்த வெள்ளியும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் மூச்சு முட்டிச் செத்துப்போனாள். ஜாமீன் மனு திங்கட்கிழமைக்குப் போட்டிருந்தது.

சிறையில் சேதி சொன்ன ஜெயிலர் தரையைப் பார்த்தபடி பேசினார். "ஒரே கேசு. ரெண்டு பேரையும் சேத்து அனுப்ப வழியில்ல. ஒருத்தர் போலாம். யாருன்னு நீங்களே பேசிக்கிங்க."

பதினைந்து நாளாக வெற்றிவேல் மச்சினன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் கழுத்தை நெரித்துவிடுவோம் என்று நினைத்திருந்தான். இப்போது எதிரில் நின்றவனுக்கு அக்காவின் அதே மூக்கு.

"நீ போ மாமா" என்றான் கலைவாணன். "அக்காவுக்குப் பொறந்த வீட்டுக் கோடி போட என்ன விட்டா யாரு இருக்காங்க? எம்பேர்ல நீயே போட்டுடு." பிறகு, "ஒருத்தன்தான் மாமா போனேன். அம்மா சத்தியமா ஒருத்தன்தான் போனேன்" என்றான்.

"தெரியும்டா" என்றான் வெற்றிவேல்.

அவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? தான் அங்கே இல்லை என்று அறிந்தவன், அவன் தனியாகத்தான் போனான் என்பதையும் அறிந்தவன்தானே. கலைவாணனை முழுசாக நம்பிய ஒரே ஆள் அவன் கெடுத்த ஆள்தான்.

வீட்டு வாசலில் பாக்கியத்தைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். காவலர்கள் விலங்கைக் கழற்றிவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றார்கள். வேலை இழந்த முருகையன், சொல்லி அனுப்பியபடி ஒரு மஞ்சள் புடவை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். பொறந்த வீட்டுக் கோடி எங்கே என்று பெண்கள் கூப்பிட்டபோது, வெற்றிவேல் புடவையைப் பிரித்துக்கொண்டு முன்னால் போனான்.

பாக்கியத்தின் அத்தை தில்லையம்மாள் அவன் கையைப் பிடித்தாள். "கட்டுனவனே பொறந்த வீட்டுக் கோடி போடறது எந்த ஊரு வழக்கம்பா?"

"இது கலைவாணன் கை, அத்த" என்றான் வெற்றிவேல். அவள் கையை எடுத்துவிட்டாள்.

தம்பிக்காகப் புடவையைப் போர்த்தினான். பிறகு புருஷனாக நெருப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். இரண்டு பேர் செய்யவேண்டியதை ஒருத்தனே செய்ததைத் தெருவே பார்த்தது. பார்க்கவேண்டிய அதிகாரி மட்டும் அங்கே இல்லை.